ப்ரீமூவுக்கு எதிராக நான் நடத்திய அறப்போர்

பதறாமல் இருப்பது எப்படி என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் என் தொழில். ஓர் அலுவலகக் கட்டடத்தில் பாதுகாப்பு அதிகாரி. தீ விபத்து ஒத்திகை நாளில் ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஒலிபெருக்கியைப் பிடித்தபடி, "யாரும் ஓடாதீர்கள், நிதானமாகப் படியிறங்குங்கள்" என்று கத்துவேன். கட்டடமே நிதானமாக இறங்கிப் போய்க் கீழே நிழலில் நின்று கைபேசி பார்க்கும். கத்திய எனக்குத்தான் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும்.

வேலைக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். சாலையைக் கடக்கையில் சிக்னலின் பச்சை மனிதன் தருகிற நேரத்தில் பாதி மிச்சமிருக்கும்போதே நான் எதிர்ப்பக்கம் ஓடிப்போய் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பேன். தடியூன்றிய கிழவர் ஒருவர் பின்னாலிருந்து மெல்ல வந்து என்னைத் தாண்டிப் போவார். ரயில் கதவு பீப் அடித்தால் போதும், அது நான் ஏற வேண்டிய ரயில்தானா என்று மூளை கேட்பதற்குள் கால் உள்ளே இருக்கும்.

இந்த உடம்பை வைத்துக்கொண்டுதான் நான் ஒரு நிமிடச் சதுரங்கம் ஆடப் போனேன்.

விளையாட்டு இதுதான். கைபேசியில் பலகை, ஆளுக்கு ஒரே ஒரு நிமிடம். மொத்த ஆட்டத்துக்கும் அவ்வளவுதான். யோசிப்பது, நகர்த்துவது, தப்பாக நகர்த்தியதற்குத் தலையில் அடித்துக்கொள்வது எல்லாம் அந்த நிமிடத்துக்குள். நேரம் தீர்ந்துவிட்டால், உங்கள் ராணியும் இரண்டு யானைகளும் பலகையில் கொழுகொழுவென்று நின்றாலும் நீங்கள் தோற்றவர்.

எங்கள் குழுவில் ஐந்து பேர். தலைவி, சிங்கப்பூர்த் தேக்கா சந்தைக் கட்டடத்தின் மாடியில் ரவிக்கை தைக்கிற அக்கா. ஐம்பதைத் தாண்டிய என்னைத் 'தம்பி' என்று கூப்பிட இந்தத் தீவில் மிச்சமிருக்கும் ஒரே ஆள். ஊசியில் நூல் கோக்கிற அதே விரலால் ஆடுவார்; எங்களில் யாராலும் அவரை அசைக்க முடியாது. அடுத்த இருவர் தமிழ்நாட்டிலிருந்து வந்து மென்பொருள் வேலை பார்க்கிற நண்பர்கள். எதைச் சொன்னாலும் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பிவிட்டு, பேசாமல் ஜெயித்துக்கொண்டிருப்பார்கள். நான்காவது ஆள் என் மனைவியின் தம்பி. நான் அவனை மாப்ள என்பேன், அவன் என்னை மச்சான் என்பான். கல்யாண மண்டபத்தில் தொடங்கிய வம்பு, இன்னும் முடியவில்லை. மலேசியப் பக்கம் ஜொகூரில் பெண்ணெடுத்து, அங்கேயே வீடு வாங்கி, தினமும் உட்லண்ட்ஸ் பாலத்தைக் கடந்து இங்கே வேலைக்கு வருகிறவன். ஐந்தாவது ஆள் அடியேன்.

தீவின் கிழக்கே தெம்பனிஸில் இதேபோல ஒரு குழு உண்டு. 'ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், நேருக்கு நேர் உட்கார்ந்து கைபேசியில் மோதுவோம், பிறகு பிரியாணி' என்று அவர்கள் அழைத்தார்கள். அணிக்கு நான்கு பேர். ஐந்தில் நான்கு போனால் மிச்சம் ஒருவர். அந்த ஒருவர் நானாகத்தான் இருப்பேன் என்று ஐந்து பேருக்கும் தெரிந்திருந்தது. ஆறாவதாக என் மனைவிக்கும்.

எனக்கு அந்த நான்காம் பலகை வேண்டும். சிரிக்காதீர்கள். பள்ளியில் காற்பந்து ஆடியவர்களின் மூக்குக்கண்ணாடிகளை நான்தான் பத்திரமாக வைத்திருந்தேன். தேசிய சேவையில் எங்கள் படைப்பிரிவு கோப்பை வாங்கியபோது தண்ணீர்ப் புட்டிகள் என் பொறுப்பில் இருந்தன. கோயில் விழாக் கயிறிழுப்பில்கூட, எனக்கு விசிலைக் கொடுத்து ஓரமாக நிறுத்திவிட்டார்கள். நான் எந்த அணியிலும் இருந்ததில்லை. எல்லா அணிகளின் பைகளையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா நியாயமான ஆள். "நீயும் உன் மாப்பிள்ளையும் ஒரு ஆட்டம் ஆடுங்க. ஜெயிக்கிறவன் நாலாவது பலகை. சட்டை தைக்கணும், சீக்கிரம் சொல்லுங்க" என்றார். அணிக்கு நான்கு சட்டைகள், அவரே தைப்பதாக ஏற்பாடு. மாப்ள ஒட்டடைக்குச்சி, நான் அப்படியல்ல. அளவு தெரியாமல் நான்காவது சட்டைக்கு அவரால் கத்தரி வைக்க முடியாது.

வேலை முடிந்த ஒரு மாலையில் ஆட்டம் நடந்தது. நான் தேக்கா உணவுக்கடையில் ஒரு கோப்பை தே தாரிக்கோடு உட்கார்ந்திருந்தேன். அவன் பாலத்தின் மேல், நகராத பேருந்தில் இருந்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அன்று நான் பிரமாதமாக ஆடினேன். அவனிடம் ஒரு ராஜாவும் நாலைந்து சிப்பாய்களும்தான் மிச்சம். என்னிடம் ராணி. அவனுடைய கடிகாரத்தில் ஒரு நொடிக்குக் கொஞ்சம் கூடுதல். என்னுடையதில் தாராளமாக ஆறேழு நொடி. மனதுக்குள் சட்டையைப் போட்டுக் கண்ணாடி பார்த்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விபரீதம். நான் ஒரு காயை நகர்த்துவேன். என் விரல் கண்ணாடியை விட்டு எழும்புவதற்குள் அவனுடைய சிப்பாய் ஒரு கட்டம் முன்னே போயிருக்கும். மறுபடி நகர்த்துவேன், மறுபடி போயிருக்கும். அவனுடைய கடிகாரம் அசையவே இல்லை. என்னுடையது ஓட்டைப் பானையாக ஒழுகியது. என் நேரம் தீர்ந்து நான் தோற்றபோது, அவனிடம் அந்த ஒரு நொடி கிட்டத்தட்ட அப்படியே, பிள்ளையார் கையில் கொழுக்கட்டை மாதிரி இருந்தது.

உடனே அவனைக் கூப்பிட்டேன்.

"மாப்ள, உன் கடியாரம் நின்னுபோச்சுடா!"

"என்னுது ஓடுது மச்சான். உங்களுதுதான் நின்னுச்சு."

"ஒரே ஒரு செகண்ட வச்சுக்கிட்டு எப்படிடா அத்தனை காய் நகர்த்துன? அது விரலா, தையல் மெஷினா?"

"அதுக்குப் பேரு ப்ரீமூவ். நீங்க யோசிச்சிட்டு இருக்கும்போதே என் காயை எங்க வைக்கணுமோ அங்க வச்சிடுவேன். நீங்க ஆடி முடிச்ச நிமிஷமே அது தானா போயிடும். எனக்கு நேரமே ஆகாது லா."

"நான் இன்னும் ஆடவே இல்ல! ஆடாததுக்கு நீ எப்படிப் பதில் ஆடுவே?"

"நீங்க என்ன ஆடுவீங்கன்னுதான் தெரியுமே, மச்சான்."

தோல்வியைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அந்தக் கடைசி வாக்கியம்தான் முள்ளாகத் தைத்தது. பக்கத்து மேசையில் ஒருவர் என்னையே பார்த்தார். எழுந்து நின்றுகொண்டு பேசியிருக்கிறேன்.

அன்றே அறப்போரைத் தொடங்கினேன். குழுவுக்கு ஒரு நீண்ட செய்தி எழுதினேன். பேசும்போது எனக்கு லாவும் லூவும் வரும். கோபம் வந்து எழுத உட்கார்ந்தால் செந்தமிழ்தான். 'மதிப்பிற்குரிய குழுவினருக்கு' என்று ஆரம்பித்து, கேள்வி பிறக்குமுன் பதில் சொல்வது ஆட்டமா, ஆரூடமா என்று கேட்டேன். புக்கிட் மேராவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசை இருக்கிறது. அங்கே ஒருவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது எதிராளி கையை நீட்டிக் காயை நகர்த்தினால் கையில் ஒரு போடு போடுவார்களா மாட்டார்களா என்று கேட்டேன். முத்தாய்ப்பாக என் சொந்தத் துயரத்தையும் சேர்த்தேன்: 'என் கைபேசி பழையது. காயைத் தொட்டால் உடனே நகராது. கட்டம் முதலில் சிவக்கும். சற்றுப் பொறுத்துத்தான் காய் போகும். இத்தனை குறையோடும் நான் நேர்மையாகவே ஆடி வருகிறேன்.' எழுதி முடித்ததும் எனக்கே என் மேல் இரக்கம் வந்தது.

நண்பர்கள் இருவரும் கட்டைவிரல் அனுப்பினார்கள். மாப்ள கண்ணில் நீர் வரச் சிரிக்கும் முகம் ஒன்றை அனுப்பினான். அக்காவிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. பின்னணியில் தையல் இயந்திரம் தடதடத்தது. "தம்பி, கல்யாண ஆர்டர் ஓடிட்டு இருக்கு. சனிக்கிழமை வா, பேசிக்கலாம். அதுவரைக்கும் எழுதாத."

வீட்டில் ஆதரவு திரட்டப் பார்த்தேன். மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"உன் தம்பி செஞ்சது நியாயமா, சொல்லு. ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்புன்னு பார்க்காம சொல்லு."

"என்ன செஞ்சான் அப்படி?"

"நான் ஆடறதுக்கு முன்னாடியே ஆடிட்டான்!"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே 'சரிம்மா, சரிம்மா'ன்னு சொல்றீங்களே, அது என்னவாம்?"

"அது வந்து…"

"அம்மா வந்து ஒரு மாசம் தங்கறேன்னு சொல்றாங்கன்னு போன வருஷம் ஆரம்பிச்சேன். 'அம்மா'ன்னு சொன்னதுமே சரிம்மான்னீங்க. அப்புறம் அவங்க பெட்டியோட வாசல்ல வந்து நின்னப்பதானே முழிச்சீங்க?"

இது வேறு விஷயம் என்றேன். எப்படி வேறு என்று கேட்டார். சரிம்மா என்றேன்.

சனிக்கிழமை மதியம் தேக்கா எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மேசை கிடைப்பது குதிரைக் கொம்பு. நான் முன்னதாகவே போய், மூலையில் ஒரு நல்ல மேசையைப் பார்த்து, அதன் மேல் டிஷ்யூ பாக்கெட் ஒன்றை வைத்து 'சோப்' பண்ணிவிட்டு, அதாவது இடம் பிடித்துவிட்டு, தோசைக்கு வரிசையில் நின்றேன். பாக்கெட் வைத்த மேசையில் இந்த ஊரில் யாரும் உட்கார மாட்டார்கள். திரும்பி வந்தபோது மாப்ள அங்கே இருந்தான். பேருந்து நெரிசலைச் சாக்குச் சொல்லாமல் நேரிலேயே வந்துவிட்டான். அக்காவும் கழுத்தில் அளவு நாடாவோடு மாடியிலிருந்து இறங்கி வந்தார். நண்பர்கள் இருவரும் நின்றபடியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் தோசையை வைத்த கையோடு பேச்சைத் தொடங்கினேன். "முறை வர்றதுக்கு முன்னாடியே இடத்தைப் பிடிச்சுக்கறது தப்புக்கா. எதுலயும் ஒரு வரிசை வேணும். வரிசைன்னு ஒண்ணு இல்லன்னா…"

மாப்ள அந்த டிஷ்யூ பாக்கெட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தான். "மச்சான், இது யாருது?"

"என்னுது."

"சாப்பாடு வாங்கறதுக்கு முன்னாடியே மேசைய சோப் பண்ணியிருக்கீங்க. இதுக்குப் பேரு என்ன?"

நண்பர்களில் ஒருவருக்குத் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. அவர் குரலை அன்றுதான் முதல்முதலாகச் சத்தமாகக் கேட்டேன், இருமல்தான்.

"அது ஊர் வழக்கம்டா!"

"இது ஆட்ட வழக்கம், மச்சான். கேளுங்க, பாலத்து மேல சிங்கப்பூர் சிக்னல் போய் மலேசியா சிக்னல் வர்ற இடத்துல நான் அமுக்கற ஒவ்வொரு காயும் தூங்கி எழுந்துதான் போகும். நீங்க தேக்கால உக்காந்து தே குடிச்சிட்டு ஆடறீங்க. எனக்கு ப்ரீமூவ் இல்லன்னா கஸ்டம்ஸ் வர்றதுக்குள்ள செத்தேன். இப்ப சொல்லுங்க, யாருக்கு அநியாயம்?"

நியாயமான கேள்விதான். அதனாலேயே குரலை உயர்த்தினேன். "அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? என் போனும்தான் பழசு! கட்டம் சிவந்து நின்னுக்கிட்டு, அப்புறம்தான் போகுது. நான் ஏதாவது சலுகை கேட்டேனா?"

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்போது அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை.

"சரி," என்றார். "தம்பி மனசு ஆறாம ஞாயித்துக்கிழமை போக வேணாம். இங்கயே மறுபடி ஆடுங்க. ரெண்டு போன்லயும் ப்ரீமூவை நான் ஆஃப் பண்ணித் தரேன். ஜெயிக்கிறவன் நாலாவது பலகை. அதுக்கு மேல வழக்கு கிடையாது."

அறப்போர் வென்றது. வெற்றிக்களிப்பில் தோசையை மறந்தேன். அக்கா இரண்டு கைபேசிகளையும் வாங்கி, எதையோ தட்டி, திருப்பிக் கொடுத்தார். ஆட்டம் தொடங்கியது.

முதல் பத்துப் பதினைந்து நொடிகள் ஒழுங்காகப் போயின. பிறகு வழக்கமான படபடப்பு வந்தது. கூடவே, கைபேசி வேலைநிறுத்தம் செய்தது. குதிரையைத் தொட்டு இழுத்தேன். கட்டம் சிவக்கவில்லை. பழைய கைபேசி, போகும் என்று காத்திருந்தேன். தபால்பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டு வந்தவன் மாதிரி நிம்மதியாகப் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குதிரை போகவில்லை. கடிகாரம் போய்க்கொண்டிருந்தது, அதுவும் என்னுடையது. மறுபடி இழுத்தேன், இந்த முறை போயிற்று. அடுத்து மந்திரி, போகவில்லை. யானை, போகவில்லை. மேசையைத் தட்டினேன். கைபேசியை உதறினேன். சட்டையில் துடைத்தேன்.

"நிறுத்து, நிறுத்து! போன் செத்துப்போச்சு! அக்கா, நீங்க எதையோ கெடுத்துட்டீங்க!"

மாப்ள பெரிய மனதோடு விரலை எடுத்துக்கொண்டான். அக்கா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "நீ ஆடு தம்பி. நான் பார்க்கறேன்."

ஆடினேன். மூன்று நகர்த்தல்தான் பார்த்திருப்பார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார், துணி பிடிக்கிற அதே பிடி.

"இப்ப யார் முறை?"

பார்த்தேன். மாப்ளயின் முறை.

"அப்ப நீ எதுக்கு யானையைப் பிடிச்சு இழுக்கறே?"

யானையின் மேலிருந்து விரலை எடுத்தேன்.

"தம்பி, நீ எப்பவுமே அவன் முறையிலதான் அமுக்கறே. உன்னால அவன் ஆடற வரைக்கும் பொறுக்க முடியல. சிவப்பா வரும்னு சொன்னியே, போன் பழசுன்னு, அதுதான்டா ப்ரீமூவ்! அவன் ஆடினதும் உன் காய் போயிருக்கு. உனக்குத் தெரியாமலே இத்தனை மாசமா நீ ஆடினது பூரா அதுதான்."

நண்பர்கள் தேநீரைக் கீழே வைத்தார்கள். பிறகு மாப்ள மேசையின் மேல் கவிழ்ந்துவிட்டான். தோள் குலுங்கியதை வைத்துத்தான் சிரிக்கிறான் என்று தெரிந்தது. "நம்ம குழுவுலயே பெரிய ப்ரீமூவ் கேடி நீங்கதானா, மச்சான்!" நண்பர்கள் இருவரும் கைகோத்துக்கொண்டு சிரித்தார்கள். பக்கத்து மேசையில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்த குடும்பம் என்ன ஏதென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, கணக்குத்தான் வந்தது. மனுவைத் திரும்பப் பெற்றால் முதல் ஆட்டத்தின் முடிவு நிற்கும். நான்காம் பலகை மாப்ளக்குப் போகும். பெறாவிட்டால், ப்ரீமூவ் இல்லாமல் இந்த ஆட்டத்தைத் தொடர வேண்டும். ப்ரீமூவ் இல்லாமல் நான் யார் என்பதை இப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஞாயிற்றுக்கிழமை பைகளுக்குப் பக்கத்தில்தான் எனக்கு நாற்காலி.

"என்ன தம்பி, வாபஸ்தானே?" என்றார் அக்கா.

தோசைத் தட்டை ஓரமாக நகர்த்தினேன். மறுபடி நடுவில் வைத்தேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, மாப்ள சிரிப்பை நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"விடுங்கக்கா. இன்னொன்னு ஆடிடறோம். ரெண்டு பேருக்கும் ப்ரீமூவ் உண்டு. மச்சான் இதுவரைக்கும் தூக்கத்துல நடந்திருக்கார். முழிச்சிக்கிட்டு எப்படி நடக்கறார்னு பார்க்கணுமே லா."

அது பரிவா, குசும்பா? மாப்பிள்ளை மச்சான் உறவில் இரண்டையும் ஒரே பாத்திரத்தில்தான் பரிமாறுவார்கள். பிரித்துப் பார்க்காமல் வாங்கிக்கொண்டேன்.

அக்கா ப்ரீமூவைத் திரும்பப் போட்டுக் கொடுத்தார். மூன்றாவது ஆட்டம். தெரிந்து ஆடுவது எவ்வளவு கொடுமை என்று அப்போதுதான் புரிந்தது. இது யார் முறை, இப்போது தொடலாமா, தொட்டால் சிவக்குமா என்று ஒவ்வொரு முறையும் யோசிக்கிறேன். நேற்றுவரை தானாக ஓடிய விரல், சாலையில் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாத சுற்றுலாப் பயணி மாதிரி திகைத்து நின்றது. மாப்ள மளமளவென்று ஆடினான். என் நேரம் அவனுடையதில் பாதிக்கு வந்துவிட்டது.

அப்போது அவன் தன் மந்திரியால் என் குதிரையை வெட்டினான். என் ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயால் அந்த மந்திரியைக் குறுக்காக வெட்ட வேண்டும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை; பச்சைக் குழந்தைகூட அதைத்தான் ஆடும். நானும் அதையே ஆடப் போனேன். சிப்பாயைப் பிடித்தேன். அந்த நேரம் பார்த்து விரல் வேர்வையில் வழுக்கியது. சிப்பாய் குறுக்கே போகாமல், நேராக ஒரு கட்டம் முன்னே போய் அசட்டுத்தனமாக நின்றது.

"ஐயோ!" என்றேன்.

"ஐயையோ!" என்றான் மாப்ள, என்னைவிடச் சத்தமாக.

பலகையைப் பார்த்தேன். அவனுடைய ராணி எங்கிருந்தோ பறந்து வந்து, என் அசட்டுச் சிப்பாயின் வாய்க்கெதிரே, இலையில் வைத்த லட்டு மாதிரி உட்கார்ந்திருந்தது. நான் மந்திரியை வெட்டுவேன் என்று உறுதியாக நம்பி, அடுத்த தாக்குதலுக்கு அவன் ராணியை முன்கூட்டியே அனுப்பியிருக்கிறான். நான் வெட்டவில்லை. வெட்டியிருந்தால் அந்தக் கட்டத்தில் அவன் ராணிக்கு ஆபத்தே இல்லை. என் பாடுதான் திண்டாட்டம். இப்போதோ அது என் சிப்பாயின் குறுக்குக் கட்டம்.

ராணியைத் தின்றேன். மாப்ள அதிர்ச்சியில் அப்படியே உட்கார்ந்திருந்தான். அவன் கடிகாரத்தை நினைத்துப் பார்ப்பதற்குள் அவனுடைய நேரம் என்னுடையதற்கும் கீழே போய்விட்டது. மிச்சத்தை என் விரலே முடித்துவிட்டது.

"செல்லாது!" மாப்ள எழுந்து நின்றான். "அக்கா, செல்லாது! அது விரல் வழுக்கல். அவர் அதை ஆடவே நினைக்கல. 'ஐயோ'ன்னார், நீங்களும் கேட்டீங்கல்ல? நினைக்காத ஆட்டத்துல எப்படி ஜெயிக்கலாம்? இது அநியாயம்!"

நான் தோசையைத் தின்னத் தொடங்கினேன். பேசினால் கெட்டுவிடும் என்று வாழ்க்கையில் ஒருமுறையாவது எனக்குத் தோன்றியது.

அக்கா கழுத்து நாடாவைச் சரிசெய்துகொண்டார். பையைத் திறந்து ஒரு சட்டையை எடுத்து மேசை மேல் விரித்தார். நீல நிறம். கைகள் இன்னும் வைக்கவில்லை. அகலத்தைப் பார்த்ததுமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அது மாப்ளயின் அளவு.

"நாலாவது சட்டை," என்றார். "நேத்தே வெட்டிட்டேன். தம்பி வழக்கு எப்படிப் போனாலும் நீதான் ஜெயிப்பேன்னு வெட்டினேன். ஜெயிச்சிருந்தா எனக்கு அரை நாள் மிச்சம். இப்ப துணி போச்சு. அதுக்காக நான் தம்பி மேல வழக்குப் போடவா? யார் என்ன ஆடுவாங்கன்னு பார்க்காம கத்தரி வச்சது நானு. ராணிய அனுப்பினது நீ."

மாப்ள சட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், உட்கார்ந்தான். "அப்ப ப்ரீமூவ் நியாயம்தான்கறீங்க."

"துணி நம்முதா இருக்கற வரைக்கும் நியாயம்தான்."

நான் மெல்லுவதை நிறுத்தினேன். நான் நீட்டி முழக்கி எழுதிய செந்தமிழுக்கு இதைவிடச் சுருக்கமான பதில் இருக்க முடியாது. சூதாடுகிறவன் தன் பொருளைத்தான் பணயம் வைக்கிறான். அதில் எனக்கு என்ன நஷ்டம்? எனக்கு அநியாயமாகத் தோன்றியதெல்லாம் வேறொன்று. அடுத்து என்ன செய்வேன் என்று என் மாப்பிள்ளைக்கும் தெரிந்திருக்கிறது, மனைவிக்கும் தெரிந்திருக்கிறது, ரவிக்கை தைக்கிற அக்கா துணியையே வெட்டி வைக்கிற அளவுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படிப்பட்ட ஆளுக்கு ப்ரீமூவ் அநியாயமாகத்தான் படும். கடிகாரத்தின் மேல் பழி போட்டு என்ன பயன்?

"நல்லா சாப்பிடுங்க மச்சான்," என்றான் மாப்ள. "அந்தச் சட்டைக்குள்ள போகணும்ல."

புதுத் துணிக்கு நேரமில்லை. அக்கா அதே சட்டைக்கு இரண்டு பக்கமும் மஞ்சள் பட்டை வைத்து அகலப்படுத்தினார். தெம்பனிஸ் அரங்குக்குள் நான் நுழைந்தபோது அதுதான் நாகரிகம் என்று நினைத்து ஒருவர் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். தலைவருக்கு மட்டும் தனிச் சட்டையா என்றார் இன்னொருவர். இல்லை, நான்காம் பலகைக்கு என்றேன். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் கனத்தது. ஒலிபெருக்கி இல்லாமலே கேட்டிருக்கும்.

மாப்ளயும் வந்திருந்தான். காலையிலேயே பாலத்தைக் கடந்து, ரயில் மாறி மாறி, என் நாற்காலிக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தான். எங்கள் நால்வரின் பைகளும் அவன் காலடியில் இருந்தன.

என் எதிரே உட்கார்ந்த பெண்மணிக்கு என் வயதுதான் இருக்கும். வாசிப்புக் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு, கைபேசியை மேசை விளிம்புக்கு நேராக வைத்து, மரியாதையாகக் கேட்டார்: "அண்ணே, ப்ரீமூவ் உங்களுக்கு ஓகேதானே? சில பேர் அது நியாயமில்லன்னு சண்டைக்கு வருவாங்க, அதான் முன்னாடியே கேட்டுக்கறேன்."

பின்னாலிருந்து மாப்ளயின் இருமல் கேட்டது.

"அப்படியும் ஆளுங்க இருக்காங்களா?" என்றேன். "பாவம், என்ன கஷ்டமோ."

அம்மணி என்னைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டார். நியாயமாக, நிதானமாக, ஒரு ப்ரீமூவ்கூட இல்லாமல். அவர் ஒவ்வொரு முறையும் நான் ஆடிய பிறகுதான் ஆடினார். நானோ அவர் ஆடுவதற்கு முன்பே ராணியைக் கொடுத்துவிட்டேன். தெரிந்தேதான் அனுப்பினேன், என் சொந்தத் துணி. அக்காவும் நண்பர்களும் அவரவர் பலகையில் ஜெயித்தார்கள். தோற்றதும் நான் எழுந்து ஓடவில்லை. மாப்ள தோளில் தட்டி, "பத்து செகண்ட் மிச்சம் வச்சுத் தோத்திருக்கீங்க மச்சான், முன்னேற்றம்தான் லா" என்றான்.

பிரியாணி வரிசையில் நிற்கும்போது மனைவி கூப்பிட்டார்.

"என்னங்க ஆச்சு?"

"ஜெயிச்சுட்டோம்."

"நிஜமாவா! நீங்க ஜெயிச்சீங்களா?"

"ஜெயிச்சுட்டோம்னு சொல்றேன்ல. மூணுக்கு ஒண்ணு."

மறுமுனையில் "மூணு, ஒண்ணு" என்று முணுமுணுப்பு கேட்டது. கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. இந்த முறை சரிம்மா என்று சொல்லாமல் பொறுத்திருந்தேன்.

"அந்த ஒண்ணு யாரு?"

"அதுவும் நாங்கதான்," என்றேன்.